ஒன்றரை விரல் அகலம்

லாடத்தைக் கழற்றிய அன்று எங்கள் வீட்டில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் என் கணவர். தங்கை என் நாத்தனார். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். குதிரை அவளுடையது. வயதாகிவிட்டது என்று ஒரு சவாரிப் பள்ளி கழித்துவிட்ட, பழுப்பு நிறப் பெண் குதிரை. வந்த முதல் நாளே வாளித் தண்ணீரை முகர்ந்து பார்த்து, வாளி சரியாகக் கழுவப்படவில்லை என்று கண்டுபிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றிலிருந்து அதற்கு மகாராணி என்று பெயர்.

"இரும்பு இல்லாம குதிரை எப்படி நடக்கும்? பாக்கறவன் சிரிப்பான்" என்றார் என் கணவர்.

"நீ என்ன பூட்ஸோடயா பொறந்தே?" என்றாள் சின்னவள்.

அவ்வளவுதான். இரண்டு நாள் மௌனம்.

கழற்ற வந்தவர் இருபது வருடம் லாடம் அடித்தவர். பிறகு மனம் மாறி, வெறுங்குளம்பை அரத்தால் சீவிப் பராமரிக்கும் வேலைக்கு வந்துவிட்டார். குளம்புக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். நான்கு ஆணிகளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் அடிச்சதை நானே பிடுங்கறேன் தங்கச்சி. எனக்கு ரெண்டு தடவையும் கூலி உண்டு, அதுதான் இதுல அழகு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் காபி டம்ளரோடு தள்ளியே நின்றேன். குதிரைப் பக்கம் அதுவரை நான் போனதில்லை.

சின்னவள் பக்கமும்தான். கல்யாணமாகி வந்த ஐந்து வருடத்தில் எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததில்லை. சண்டை போடுவதற்கும் ஏதாவது பேச வேண்டுமே. "சாப்பிட்டீங்களா அண்ணி?", "ம்." இதற்கு மேல் எங்களுக்கு விஷயம் இருக்கவில்லை.

அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவளுக்கு வெகுதூரத்தில் ஒரு விலங்கு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. முதல் எட்டு மாதம் பயிற்சி. இடையில் விடுப்பு கிடையாது. தேறினால் நிரந்தரம், தங்க இடம், குதிரையையும் கூட்டிக்கொண்டு போகலாம். அதுவரை யார் பார்த்துக்கொள்வது? என் கணவர் கூரையைப் பார்த்தார். "நான் பாத்துக்கறேன்" என்றது என் குரல். நான் சொன்னேனா என்று நானே திரும்பிப் பார்க்கும்படி இருந்தது. சின்னவள் என்னை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள்.

போவதற்கு முன் பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் பருவத்துக்கு ஒன்றாக எழுதி லாயத்துச் சுவரில் குத்தி வைத்தாள். மழைக்காலத்தில் குளம்பின் அடியிலுள்ள முக்கோண மெத்தையைத் தினமும் சுத்தம் செய்யவும். கறுத்து நாற்றம் வந்தால் அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெயில் காலத்தில் வெடிப்பு வரும். எண்ணெய் தடவி ஏமாற வேண்டாம், நடக்க விடவும். குளிரில் தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கவும், இல்லாவிட்டால் குடிக்காது, வயிறு கட்டிக்கொள்ளும். எல்லாம் செய்யவும், வைக்கவும், விடவும். ஒரு இடத்தில்கூட 'நன்றி அண்ணி' இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நான் செய்வேன் என்று நினைத்து எழுதிய எழுத்து அது.

இப்போது, வருடங்கள் கழித்து, நகரத்தில் நான்காம் மாடியில் இருக்கிறேன். தரை வழுவழுப்பான கல். சேறு என்றால் மழை நாளில் லிப்டுக்குள் வரும் செருப்புத் தடங்கள்தான். இருந்தும் சில காலைகளில் தூக்கம் கலையும்போது என் வலது உள்ளங்கை குழிந்தே இருக்கிறது, ஒரு கனமான குளம்பைத் தாங்கிக்கொண்டிருப்பதுபோல. அப்போது முதல் மாதம் குதிரையின் காலைத் தூக்கவே எனக்குத் தெரியவில்லை. நான் குனிவேன், மகாராணி தன் முழு எடையையும் என்மேல் சாய்த்துவிட்டுக் கொட்டாவி விடும். பிறகு ஒருநாள், நான் கணுக்காலைத் தொட்டதுமே அதுவாகவே காலைக் கொடுத்தது. யாரும் எனக்கு அப்படி எதையும் கொடுத்ததில்லை. ஈர மண், சாணம், வியர்த்த தோல் எல்லாம் கலந்த வாசனை என் புடவையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் காலை ஒரு தடவை பிடிச்சிருப்பியா?" என்றார் கணவர்.

"நீங்க ஒரு தடவை தூக்கிக் கொடுத்திருப்பீங்களா?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் சின்னவள் தொலைபேசியில் கூப்பிடுவாள். முதலில் மூன்று நிமிடம், முழுக்கக் குளம்பு. பிறகு பத்து நிமிடம், அரை மணி. விடுதி அறையில் ஜன்னல் திறக்காது, கூட வேலை செய்கிறவள் தூக்கத்தில் பாடுகிறாள் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். நானும் சொன்னேன். குழந்தை இல்லாததைப் பற்றி என்னிடம் எல்லோரும் பேசியிருக்கிறார்கள்; நான் யாரிடமும் பேசியதில்லை. அவளிடம் பேசினேன். மறுமுனையில் அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "ம், சொல்லுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் முழுவதும் நான் ஞாயிற்றுக்கிழமைக்காகவே சமைத்தேன், துவைத்தேன், தூங்கினேன்.

குளிர்காலம் முடியும் சமயத்தில் புல் துளிர்த்தது. இளம்புல்லில் சர்க்கரை அதிகம். வயதான குதிரை அதை அளவு மீறித் தின்றால் குளம்புக்குள் வீக்கம் வரும். குளம்பு விரியாது, உள்ளே எலும்பு நகர்ந்துவிடும். சுவரில் எழுதியிருந்தது: 'விடியற்காலையில் மட்டும் ஒரு மணி நேரம் மேய விடவும். வெயில் ஏற ஏறப் புல்லில் சர்க்கரை ஏறும்.' அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது: 'இரவு கடுங்குளிர் என்றால் மறுநாள் காலை விடவே கூடாது. குளிரில் புல் வளராமல் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.'

அன்று விடியலில் நான் லாயத்துக்கு நடந்தபோது காலடியில் புல் நொறுங்கியது. மூச்சு புகையாக வந்தது. இரண்டாவது வரி எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். மகாராணி கதவின்மேல் தாடையை வைத்து, கனைக்காமல், வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அடைமழையில் உள்ளேயே நின்ற குதிரை. விடியற்காலைதானே, விடியற்காலை என்றுதானே எழுதியிருக்கிறது என்று முதல் வரியை மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கதவைத் திறந்தேன். அது புல்லில் முகத்தைப் புதைத்தபோது எனக்கு வந்த சந்தோஷம் நன்றாக நினைவிருக்கிறது. என்னால் ஒரு உயிருக்கு ஆசைப்பட்டதைக் கொடுக்க முடிந்தது என்ற சந்தோஷம். ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாயிற்று.

மறுநாள் மாலை அது முன்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றது. தரை சுடுகிறவர்கள் நிற்பதுபோல. குளம்பைத் தொட்டால் கொதித்தது. கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி குதித்தது. மருத்துவர் வந்து ஊசி போட்டு, ஐஸ் தண்ணீரில் கால்களை நிற்க வைக்கச் சொல்லி, வெளியே வந்து என் கணவரிடம் மெதுவாக, "மூணு நாள் பாக்கலாம். படுத்துட்டு எந்திரிக்கலைன்னா, கஷ்டப்படுத்தாம அனுப்பிடறது நல்லது" என்றார்.

அது படுத்தது. எழுந்தது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

"மகாராணி எப்படி இருக்கா அண்ணி?"

"நல்லா இருக்கா" என்றேன். என் முழங்கை வரை ஐஸ் தண்ணீர் ஈரம்.

சொன்னால் வேலையை விட்டு ஓடி வந்துவிடுவாள், பயிற்சி கெட்டுவிடும் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். கேட்க நல்ல காரணம். ஆனால் என் பயம் வேறு. அவள் என்னை மறுபடி 'சாப்பிட்டீங்களா அண்ணி' அளவுக்கு வைத்துவிடுவாள் என்பதுதான் பயம்.

"சொல்லித் தொலையேன்" என்றார் கணவர்.

"நீங்க சொல்லிடாதீங்க."

"நான் அவகிட்ட பேசினாத்தானே சொல்றதுக்கு."

இரண்டு வாரம் கழித்துக் குளம்புக்காரர் வந்தார். விரல் முனையால் குளம்பு தோலோடு சேரும் விளிம்பைத் தடவினார். அங்கே மெல்லிய பள்ளமாக ஒரு கோடு விழுந்திருந்தது. "குளம்பு மேலேர்ந்து கீழ வளரும் தங்கச்சி. மாசத்துக்கு அரை விரல் அகலம். காய்ச்சலோ பட்டினியோ வந்தா இப்படி ஒரு வளையம் விழும். இனிமே இது கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிட்டே வரும். தரையைத் தொட்டப்புறம்தான் புதுக்குளம்பு. அதுவரைக்கும் மரத்தூள் மெத்தையில வைக்கணும் இவளை." என்னை நிமிர்ந்து பார்த்தார். "சின்னம்மாவுக்குத் தெரியுமா?"

நான் மரத்தூள் மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டேன்.

மூன்று மாதம். காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்கி, பிழிந்து கொடுத்தேன். மரத்தூளை முழங்கால் ஆழத்துக்கு நிரப்பினேன். பத்தடி, இருபது அடி, பிறகு வேலிவரை நடத்தினேன். வாரத்துக்கு ஒருமுறை பொய். என் வாழ்க்கையிலேயே நான் மிகக் கவனமாக இருந்த மூன்று மாதம் அது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் திரும்பிப் போக ஒரு காலம் கொடுத்தால் அதைத்தான் கேட்பேன்.

சின்னவள் பயிற்சி முடிந்து வந்தாள். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு லாயத்துக்குப் போனாள். நான் பின்னால் போனேன். மகாராணி நடந்து வந்து அவள் தோளில் மூக்கை வைத்தது. கொஞ்சம் கவனித்துப் பார்த்தால்தான் தெரியும், திரும்பும்போது ஒரு தயக்கம்.

அவள் குனிந்தாள். விளிம்புக்குக் கீழே ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்தாள். அதற்குக் கீழே வளையம்வரை இன்னும் அரை விரல்.

"ஒன்றரை விரல்" என்றாள். "மூணு மாசம்."

அவள் எதுவும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் சரியில்லை, அதுவாகத் திறந்துகொண்டது என்று சொல்ல மூன்று மாதமாக ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"நான்தான் திறந்துவிட்டேன். ராத்திரி பயங்கரக் குளிர். தெரிஞ்சுதான் திறந்தேன். அது பாத்துட்டே நின்னுச்சு."

"அது எல்லாரையும் அப்படித்தான் பாக்கும் அண்ணி. நானே ஏமாந்திருக்கேன்." அவள் எழுந்து கையைப் பாவாடையில் துடைத்தாள். "புல்லுக்காக நான் கோவப்படலை. பன்னெண்டு ஞாயித்துக்கிழமை. பன்னெண்டு தடவை கேட்டேன் உங்கள. 'நல்லா இருக்கா, நல்லா இருக்கா'ன்னு. அப்ப நீங்க உங்களப் பத்தி சொன்னதெல்லாம்? அதுல எது நெஜம்?"

"அது எல்லாம் நெஜம்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

பதிலுக்குக் காத்திராமல் பெட்டியை எடுக்க வாசலுக்குப் போனாள்.

நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அதைவிட மோசம், அண்ணனோடு பேசினாள். ஐந்தாம் நாள் குளம்புக்காரர் வந்து பார்த்து, "இந்த வளையம் தரையைத் தொடற வரைக்கும் வண்டியில ஏத்தக்கூடாது சின்னம்மா. இன்னும் ஆறு மாசம். ஆனா ஒண்ணு சொல்றேன், இப்படி விழுந்த குதிரை இப்படி எந்திரிச்சு நான் அதிகம் பாத்ததில்ல" என்றார். யாரையும் பார்க்காமல், அரத்தை உதறிக்கொண்டே சொன்னார்.

அன்று மாலை அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"மறுபடியும் உங்ககிட்டதான் விட்டுட்டுப் போகணும்."

"ம்."

"இனிமே போன்ல கெட்டது முதல்ல. அது என்னவா இருந்தாலும். சின்னக் கல்லு குத்தினாலும் சரி. கெட்டது எல்லாம் முடிஞ்சப்புறம்தான் மத்தது."

"சரி."

"வேற எதுவும் கேக்க மாட்டேன் அண்ணி." கொஞ்சம் நின்றாள். "சாப்பிட்டீங்களா?"

அந்தக் கேள்வி வந்ததும் எனக்குக் கண் கலங்கியது. அவள் அதைச் சோப்புத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டாள், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டாள்.

ஆறு மாதம் கெட்டதை முதலில் சொன்னேன். ஈ மொய்க்கிறது. இடது பின்குளம்பில் சின்ன வெடிப்பு. நேற்று தண்ணீர் மாற்ற மறந்தேன். இன்று உன் அண்ணனோடு சண்டை, தப்பு என்மேல். சொல்லச் சொல்ல, எனக்குள் கெட்டது என்று இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. அவளும் சொல்ல ஆரம்பித்தாள். தரைவரை இறங்கிவிட்ட அந்த வளையத்தைக் குளம்புக்காரர் சீவித் தள்ளிய அன்று, அந்தப் பிறைத் துண்டைப் பக்கத்து வீட்டு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. "அதுக்கு அது பிஸ்கட்டு" என்று சிரித்தார் அவர். நான் துரத்தவில்லை.

அடுத்த வாரம் வண்டி வந்தது. மகாராணி சாய்வுப் பலகையில் வெறுங்குளம்போடு டொக் டொக் என்று ஏறி உள்ளே போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை. பக்கவாட்டுக் கதவை மூடியபோது காது மட்டும் தெரிந்தது. லாயத்தைப் பெருக்கினேன். சுவரிலிருந்த தாள்களைக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரும்வரை அந்தப் பக்கம் போகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது.

"கெட்டது முதல்ல அண்ணி" என்றாள் சின்னவள். "சரியா சாப்பிட மாட்டேங்கறா. காலைல அஞ்சு மணிக்கே எந்திரிச்சு, கதவு மேல தலைய வச்சுட்டு வழியையே பாத்துட்டு நிக்கறா. நான் போனா 'ஓ, நீயா'ங்கற மாதிரி முகத்தைத் திருப்பிக்கறா. என்ன பண்றது?"

வெதுவெதுப்பான தண்ணீர் வை, கழுத்தைத் தேய்த்துக் கொடு, நாலு நாளில் சரியாகிவிடும் என்று என்னென்னவோ சொன்னேன். குரலைக் கவலையாக வைத்துக்கொள்ள மிகவும் கஷ்டப்பட்டேன். நெஞ்சு முழுக்க அப்படி ஒரு சந்தோஷம். அதை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை.