குறுக்கே ஒரு கால்

இன்று முதியோர் இல்லம் பார்க்கப் போகிறோம். "சும்மா பாத்துட்டு வரலாம்மா" என்கிறான் மகன். அப்பாவுக்கு அறை வரைக்கும் பேசி முடித்துவிட்டு, சும்மாவாம்!

காரணம் என் கால்தான். என் வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன் நோய். மாத்திரையின் வேகம் குறையும் நேரத்தில், எந்த வாசலிலும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். குறுக்கே எதையாவது காட்டினால் தாண்டிவிடுவார். அவருக்கு உடற்பயிற்சி கொடுக்க வரும் பெண் சொல்லிக்கொடுத்த வழி. நான் என் காலையே நீட்டுவேன். ஊரிலிருந்து வந்து இறங்கிய மகன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பாவ தடுக்கி விடுறியாம்மா?" என்று குதித்தான். எவ்வளவோ சொன்னேன். காதில் வாங்கினால்தானே! "உனக்கும் வயசாயிடுச்சு, உன்னால முடியல." அவ்வளவுதான் தீர்ப்பு. அவர் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன், சுவரோடா?

மகன் அவரை லிஃப்டுக்குள் கூட்டிப்போனான். நான் வீட்டைப் பூட்டித் திரும்புவதற்குள் கதவு மூடிவிட்டது. கீழே வாசலில் நின்றுவிட்டால்? விழுந்து தொலைத்தால் இன்றைக்கே அங்கே விட்டுவிட்டு வந்துவிடுவானே! முட்டிவலியை மறந்து படியிறங்கி ஓடினேன்.

பயந்தது போலவே ஆகியிருந்தது. லிஃப்ட் வாசலில் அவர் அசையாமல் நிற்கிறார். கதவு அவர் தோளில் இடித்து இடித்துத் திறக்கிறது. வெளியே நின்று மகன் இரண்டு கையையும் பிடித்து இழுக்கிறான். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரவில்லை.

"சீக்கிரம் வாங்கப்பா!"

"இழுக்காதடா!" படியிலிருந்தே கத்தினேன். "கையப் பிடிச்சுக்கிட்டு கால குறுக்க நீட்டு!"

"விழுந்துருவாரும்மா!"

"நீட்டித் தொலடா!"

நீட்டினான். அவர் குனிந்து மகனுடைய செருப்பைப் பார்த்தார். முழங்காலைத் தூக்கினார். தாண்டி வெளியே வந்துவிட்டார்.

மகனுக்கு வேர்த்துக் கொட்டியது. "அங்க இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?"

"என்னைக் கேளு! நீதானே தேடித் தேடிப் பிடிச்ச இடம்."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவர்தான் பேசினார். சிரிப்பா அழுகையா என்று காட்டாத முகம், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் குரல். "வீட்டுக்குப் போலாமா?"

மகன் வெளியே போய், எங்களுக்காகக் காத்திருந்த வாடகைக் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தான். லிஃப்ட் கதவு திறந்தது. அவர் பாதம் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. பழக்கத்தில் நான் காலைத் தூக்கினேன்.

அதற்குள் அவன் கால் அங்கே இருந்தது.