ஒற்றைச் செங்கல் சுவர்

அம்பிட்டிய வீதியிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில் அந்த வீடு ஒரு காலத்தில் ஒரே வீடாகத்தான் இருந்தது. சொந்தக்காரர் விற்க நினைத்தபோது முழு வீட்டுக்கும் ஆள் அகப்படவில்லை. நடுவில் ஒற்றைச் செங்கல்லில் ஒரு சுவரை எழுப்பி, இரண்டாக்கி விற்றார். சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டது; அதற்கு மேலே கூரை இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு பக்கம் தும்மினால் மறு பக்கம் கேட்கும்.

வலது பக்க வீட்டில் தவமணி இருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. கணவர் தம்பிராஜா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது கூட வந்தவள், அவர் காலமான பிறகும் திரும்பிப் போகவில்லை. மாவட்டக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றபின், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக வீட்டிலிருந்தே வேலை செய்தாள். பிறப்புச் சாட்சிப்பத்திரம், விவாகப் பதிவு, பொலிஸ் அறிக்கை என்று நாள் முழுக்க யாருடைய வாழ்க்கையாவது அவள் மேசையில் கிடக்கும். ஒரு எழுத்து பிசகினாலும் தூதரகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வேலைக்கு அமைதி வேண்டும்.

இடது பக்க வீட்டில் ஞானேஸ்வரி. கண்டி நகரின் கொழும்பு வீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவி, எழுபதைத் தாண்டியவள். கணவர் போனபின் தனியாக இருந்தாள். ஒரே மகள் சஞ்சீவனிக்கு வத்தளையில் குடும்பமும் கொழும்பில் வங்கி வேலையும். ஞானேஸ்வரிக்குக் காது கொஞ்சம் மந்தம். அவளுக்குத் துணை தொலைக்காட்சிதான். விடிந்ததும் பக்திப் பாட்டில் தொடங்கும். பிறகு நாடகங்கள். மத்தியானம் அதே நாடகங்கள் மறுபடியும். அழுகையும் சபதமும் இடிச்சத்தமும் சுவரைத் தாண்டி தவமணியின் மேசைக்கு வந்து சேரும்.

முதலில் தவமணி வாசலில் போய் நின்று பணிவாகத்தான் சொன்னாள். ஞானேஸ்வரியும் மன்னிப்புக் கேட்டுச் சத்தத்தைக் குறைத்தாள். சில நாளில் அது பழையபடி ஏறிவிட்டது. மறுபடியும் போய்ச் சொல்லத் தவமணிக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்து அதன் பிடியால் சுவரில் தட்டினாள். சத்தம் குறைந்தது. அந்த வழி சுலபமாக இருந்ததால் அதுவே வழக்கமாயிற்று. ஆனால் ஞானேஸ்வரிக்கு ரோஷம் வந்தது. தவமணி கிறைண்டர் போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து தட்டு வரும். குசினியில் ஆணி அடித்தால் தட்டு வரும். போகப்போக வாய்ப்பேச்சு நின்றது. பலகாரம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு நாள். வெளிநாடு போகிற ஒருத்தருக்கு அவசரமாக ஒரு விவாகரத்துத் தீர்ப்பை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சிங்களச் சட்ட வசனம், பக்கத்துக்குப் பக்கம் முறுக்கிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. தவமணி காலையிலேயே தட்டிப் பார்த்துவிட்டாள், குறையவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து உட்கார்ந்து பேனையை எடுத்த நேரம், அந்தப் பக்கத்திலிருந்து தட்டுச் சத்தம் வந்தது.

தவமணிக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவள் வீட்டில் கிறைண்டர் ஓடவில்லை, எதுவுமே ஓடவில்லை. சத்தம் போடுகிறவளே தட்டவும் செய்கிறாளே என்று நினைத்தாள். வழக்கமான தட்டு கனமாக, நெஞ்சு உயரத்தில் வரும். இது மெல்லிய உலோகச் சத்தம், தரையோடு ஒட்டி வந்தது. அந்த வித்தியாசத்தை அவள் கவனித்தாள். கவனித்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது; பிறகு வந்த நாட்களில் அவளை அரித்ததே அதுதான். இப்போது காலாலும் உதைக்கத் தொடங்கிவிட்டாளாக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தும்புத்தடியால் சுவர்ச் சாந்து உதிரும்படி குத்தினாள். பதிலுக்கு அந்தப் பக்கம் அவசர அவசரமாகத் தட்டியது. தவமணி வானொலியைக் கொண்டுவந்து சுவரோடு சேர்த்து வைத்து, முழுச் சத்தத்துக்குத் திருப்பிவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டாள். திரும்பி வந்தபோதும் பாட்டுக்கு நடுவே தட்டு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு விட்டு விட்டுக் கேட்டது. பிறகு நின்றது. அவள் வானொலியை அணைத்துவிட்டு, வென்றவளைப் போல வேலையைத் தொடர்ந்தாள்.

இருட்டுகிற நேரம் பக்கத்து வாசலில் ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. அம்மா போனை எடுக்கவில்லை என்று சஞ்சீவனி வத்தளையிலிருந்து ஒழுங்கை முனையில் கடை வைத்திருக்கும் ஷிபானாவுக்கு அழைத்திருக்கிறாள். ஷிபானா வந்து, பின் கதவின் கொளுக்கியைத் தள்ளித் திறந்து உள்ளே போயிருக்கிறாள். தவமணி ஓடிப்போய்ப் பார்த்தபோது ஞானேஸ்வரி கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் கோணலாகக் கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. சீலை நனைந்திருந்தது. போன் முன்னறையில் சார்ஜில் கிடந்தது. அவள் கூப்பிட்ட குரலை அவளுடைய தொலைக்காட்சியே விழுங்கியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு எவர்சில்வர் தம்ளர். சுவரில், தரைக்கு ஒரு முழம் மேலே, சுண்ணாம்பு பெயர்ந்து பிறைபிறையாக அடையாளங்கள்.

அம்புலன்ஸ்காரர்கள் தூக்கும்போது ஞானேஸ்வரி கண்ணைத் திறந்து தவமணியைப் பார்த்தாள்.

சஞ்சீவனி மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்பு எடுக்க வந்தவள், அழுது வீங்கிய முகத்தோடு தவமணியின் வாசலில் நின்றாள்.

"ஆன்ட்டி, நேத்து மத்தியானம் நீங்க வீட்ல இல்லையா?"

"இல்லைப் பிள்ளை," என்றாள் தவமணி. "ரவுணுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தனான்."

யோசிக்காமல் வந்த பொய். வந்த வேகம் அவளையே திடுக்கிட வைத்தது. சஞ்சீவனி தலையாட்டினாள். நீங்கள் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு தவமணி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். ரசம் வைத்துக்கொண்டு போனாள், இடியப்பமும் சொதியும் கொண்டு போனாள், அழுக்குத் துணியை வாங்கி வந்து துவைத்துக் கொடுத்தாள். வார்ட்டில் இருந்தவர்கள் அவளைக் கூடப்பிறந்தவள் என்று நினைத்தார்கள். ஷிபானா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இப்படி ஒரு அயல் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு புகழ்ச்சியும் தவமணிக்குக் கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது. மேசையில் உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. மொழிபெயர்ப்பின் அடியில் "உண்மையானதும் சரியானதும் என உறுதிப்படுத்துகிறேன்" என்று வழக்கமாக எழுதும் வரி வந்ததும் பேனை நின்றுவிடும்.

சத்திரசிகிச்சை முடிந்து ஞானேஸ்வரி எழுந்து உட்காரத் தொடங்கிய ஒரு நாள், பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. தவமணி தோடம்பழத்தை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று வாயைத் திறந்து மூடினாள்.

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் ஞானேஸ்வரி. "எனக்குத் தெரியும். காது மந்தந்தான். ஆனா சுவத்துல ஒட்டிக் கெடந்தா எல்லாம் கேக்குது. ரேடியோவுல பழைய பாட்டாப் போட்டாங்க. ரெண்டு பாட்டு எனக்குப் புடிச்ச பாட்டுங்க."

தவமணியின் கையிலிருந்த சுளை நழுவி விரிப்பில் விழுந்தது. ஞானேஸ்வரி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: மகளிடம் இதைச் சொல்லக் கூடாது. பக்கத்தில் ஆள் இருந்தும் இப்படி நடந்தது என்று தெரிந்தால் அவள் ஒரு நாளும் தன்னைத் தனியாக விடமாட்டாள், வத்தளைக்குக் கொண்டு போய்விடுவாள். அங்கே மாடி வீடு, மகளும் மருமகனும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள், கதவைத் திறந்தால் எதிரே இன்னொரு பூட்டிய கதவு. அம்பிட்டியவில் அவளுக்குத் தன் வீடு இருக்கிறது, முற்றம் இருக்கிறது, ஒழுங்கையில் போகிறவர்கள் நின்று பேசுகிறார்கள்.

"நான் உங்களுக்காக மறைக்கல," என்றாள். "எனக்காகத்தான்."

தவமணி ஓம் என்று தலையசைத்தாள். அந்த ஓம் அவளுக்குள் கல்லாகக் கிடந்தது.

வீட்டுக்குக் கூட்டிவர ஏற்பாடாகிவிட்டது. பகலில் கூட இருக்க ஒரு பெண்ணை ஷிபானா பார்த்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்திய நாள் பின்னேரம் சஞ்சீவனி தவமணியின் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணியைக் கையில் வாங்கி, மனம் விட்டுப் பேசினாள். கணவர் அம்மாவை வத்தளைக்குக் கொண்டுவரச் சொல்லிச் சண்டை பிடிப்பதாகவும், அம்மா ஒரே பிடிவாதமாக இருப்பதாகவும், தான் அம்மா பக்கம் நின்றுவிட்டதாகவும் சொன்னாள்.

"உங்கள நம்பித்தான் விடுறேன் ஆன்ட்டி. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ராத்திரில என்னா நடந்தாலும் சுவத்துல தட்டுங்க, ஆன்ட்டி ஓடி வந்துருவாங்கன்னு."

அந்தச் சுவரின் முன்னால்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். தவமணி அவள் முகத்தைப் பார்த்தாள். கணவரை எதிர்த்து நிற்கிற பெண், ஒரு பொய்யின் மேல் காலை ஊன்றி நிற்கிறாள். ஞானேஸ்வரிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. அதை மீறி வாய் திறந்துவிட்டது.

"பிள்ளை, நான் அண்டைக்கு வீட்டிலைதான் இருந்தனான். அம்மா தட்டினது எனக்குக் கேட்டது. சண்டைக்குத் தட்டுறா எண்டு நினைச்சு றேடியோவைக் கூட்டிவிட்டனான்."

சஞ்சீவனி கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று தவமணி எதிர்பார்த்தாள், அதற்காக ஏங்கினாள் என்றே சொல்ல வேண்டும். அவள் கத்தவில்லை. அம்மாவுக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றதும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மழையில் இறங்கிப் போனாள்.

அன்றிரவு தவமணி பல நாட்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். தூங்கியதை நினைத்துப் பின்னால் வெட்கப்பட்டாள்.

ஞானேஸ்வரி அம்பிட்டியவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வத்தளைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அடுத்த கிழமை மருமகன் ஒரு லொறியோடு வந்து அலுமாரியையும் கட்டிலையும் சாமிப் படங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். தவமணி வாசலில் நின்றாள். அவர் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. விஷயம் ஷிபானாவுக்கும் போயிருந்தது. தவமணி கடைக்குப் போனால் கேட்டதைக் கொடுப்பாள், மிச்சக் காசை மேசையில் வைப்பாள், அவ்வளவுதான்.

சில நாள் கழித்து ஞானேஸ்வரியே அழைத்தாள். குரல் தளர்ந்திருந்தது.

"ஏன் சொன்னீங்க?"

அந்தப் பிள்ளையை ஏமாற்ற மனம் வரவில்லை என்று தவமணி சொல்லத் தொடங்கினாள்.

"அன்னிக்கி நீங்க பண்ணுனது தெரியாமப் பண்ணுனது," என்றாள் ஞானேஸ்வரி. "நான் கெடந்தேன், ஆனா மன்னிச்சிட்டேன். இது தெரிஞ்சி பண்ணுனது. உங்க மனசு லேசாகணும்னு என் வீட்ட எடுத்துட்டீங்க."

போன் அடங்கியது. தவமணி அதைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். அந்தப் பேச்சில் எந்த இடத்தில் நியாயம் இல்லை என்று தேடிப் பார்த்தாள். சஞ்சீவனியிடம் பொய்யை விட்டு வைத்திருக்கவும் முடியாது, அதுவும் உண்மைதான். ஆனால் சொல்வதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய், சொல்லப்போகிறேன் அக்கா, என்று கிழவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சஞ்சீவனியை வீட்டில் வைத்துக்கொண்டே, மூன்று பேரும் இருந்து பேசுவோம் என்று சொல்லியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. கல்லைத் தூக்கி எறிய அவசரப்பட்டாள். அது யார் மேல் விழும் என்று பார்க்கவில்லை.

தை மாதம் பிறந்து ஒரு சனிக்கிழமை, தவமணி கொழும்பு பஸ் ஏறினாள். அழைத்துச் சொல்லவில்லை. சொன்னால் வர வேண்டாம் என்பார்கள். வத்தளையில் விசாரித்து அந்த மாடிக் கட்டிடத்தைக் கண்டுபிடித்து மணியை அழுத்தினாள். கதவைத் திறந்த சஞ்சீவனி அவளைப் பார்த்துவிட்டு வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. ஒதுங்கி வழி விட்டாள்.

ஞானேஸ்வரி பல்கனியோரம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து போயிருந்தாள். நடக்க உதவும் கம்பிச் சட்டம் பக்கத்தில் இருந்தது. தொலைக்காட்சி ஓடவில்லை, பக்கத்து வீட்டார் சத்தம் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டார்களாம், மருமகன் குறைத்துவிடச் சொன்னதால் அவள் பார்ப்பதையே விட்டுவிட்டாளாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னாள். பிறகு ஒழுங்கையைப் பற்றிக் கேட்டாள். தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, ஷிபானாவின் மகளுக்குப் பேசிய சம்பந்தம் சரி வந்ததா, வீட்டை வாடகைக்கு எடுத்தவர்கள் முற்றத்தைக் கூட்டுகிறார்களா. தவமணி தெரிந்ததையெல்லாம் சொன்னாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் வழி முழுக்கத் தயார் செய்து கொண்டுவந்திருந்தாள். அதை எடுக்க இடமே கிடைக்கவில்லை. எடுத்தால் அது மறுபடியும் தனக்காகத்தான் இருக்கும் என்று பட்டது.

விடைபெற எழுந்தபோது ஞானேஸ்வரி சட்டத்தைப் பிடித்து எழப் பார்த்தாள்.

"இருங்க. என்னையக் கீழ கூட்டிட்டுப் போங்க. வந்து ஒரு நாளும் மண் தரையில நிக்கல. இவ விழுந்துருவேன்னு பயப்படுறா."

சஞ்சீவனி குறுக்கே வந்து வேண்டாம் என்றாள். தாயின் முகத்தைப் பார்த்து நின்றாள். பிறகு செருப்பை எடுத்துவந்து, குனிந்து, தாயின் காலில் மாட்டிவிட்டாள்.

லிஃப்டுக்குப் போகும் நடைபாதை பளபளப்பான தரை. ஞானேஸ்வரி சட்டத்தை விட்டுவிட்டுத் தவமணியின் தோளில் பாதி உடம்பைச் சாய்த்தாள். எலும்பும் தோலுமாக இருந்த உடம்பு, ஆனாலும் கனத்தது.

"நீங்க பண்ணுனது ரெண்டையும் நான் மறக்கல," என்றாள் காதோரம்.

"ஓம் அக்கா."

"ஆ. கைய இறுக்கிப் புடிங்க. தரை வழுக்குது."

தவமணி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. வீட்டு வாசலில் சஞ்சீவனி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு மூடும்வரை அவள் அங்கேயே நின்றாள்.