நாற்பது மாடியும் உலர்ந்த பனியனும்

நாற்பது மாடி ஏறிய மனிதரின் பனியன் எப்படி உலர்ந்திருக்கும்? துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் குந்தியிருந்தபோது கண்மணிக்கு அந்தக் கேள்வி வந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. இந்த ஊரில் காலையில் சந்தைக்குப் போய் வந்தாலே முதுகு நனைந்துவிடும். அவள் கணவர் வேலாயுதமோ தினமும் ஆறு மணிக்கு, பத்துக் கிலோ அரிசி போட்ட முதுகுப்பையோடு கிளம்பிவிடுவார். தோ பாயோவில் அவர்கள் குடியிருக்கும் இருபத்தைந்து மாடி புளோக்கின் படிக்கட்டில் ஏறி, மின்தூக்கியில் இறங்கி, மறுபடி ஏறி, வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு நாப்பது" என்பார். உடனே வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவார். ஆனால் அவர் கழற்றிப் போடும் பனியனில், முந்தின நாள் அவள் மடித்து வைத்த கோடுகூட அழிந்திருக்காது.

மலையேறும் யோசனை அப்துல் அஜீஸுடையது. ஜாலான் புசாரில் கயிறும் பூட்டும் ஆணியும் விற்கும் கடைக்காரர். வாலிபத்தில் தேசிய சேவையில், கட்டாய ராணுவப் பயிற்சியின்போது, வேலாயுதத்தோடு ஒரே அறையில் படுத்தவர். அன்றிலிருந்து இருவருக்கும் எல்லாவற்றிலும் போட்டிதான்: யார் வீட்டுத் தொலைக்காட்சி பெரிது, யாருக்கு முதலில் மூக்குக்கண்ணாடி, யாருக்கு இன்னும் முடி இருக்கிறது. தேனிக்கு மேலே தேன்பாறை முடி என்று ஒரு சிகரம், அடி முதல் உச்சி வரை காடு என்று அஜீஸ் எங்கிருந்தோ கண்டுபிடித்து வந்தார். வெள்ளி இரவு விமானத்தில் மதுரை. சனிக்கிழமை ஏற்றம், ஞாயிறு இறக்கம், திங்கள் காலை வேலைக்கு ஆஜர். இரண்டு தம்பதிகள், நான்கு பேர்.

ஏற்பாடு முழுவதும் கண்மணியின் தலையில் விழுந்தது. அதை அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அட்டைப்பூச்சிக்கு உப்பு, மூட்டுக்குத் தைலம், ஆளுக்கொரு விசில், மாற்றுக் காலுறை மூன்று என்று பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தாள். பட்டியலில் ஏறிவிட்ட பயம் அவளைக் கொஞ்சம் விட்டுவைக்கும். ஒன்றைத்தான் எந்த வரியில் எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் சாலைமேல் நடைபாலத்தில் ஏறும்போது வேலாயுதம் பாதியில் நின்றார். ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவர் காலில் இருந்தது சிலிப்பர்.

அவள் கேட்டாள். வெயில் என்றார். பனியனைப் பற்றியும் கேட்டாள். படிக்கட்டில் நல்ல காற்று என்றார். அத்தோடு விட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கே தெரியும். ஆனால் கண்மணியின் பயத்துக்கு அந்தக் குடும்பத்தில் மதிப்பு போய் வெகுகாலம் ஆகிறது. மகள் தாரணி பள்ளி முகாமுக்குப் போனபோது மூன்று முறை ஆசிரியைக்கு ஃபோன் செய்தவள் அவள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் டாக்சியைத் திருப்பியவள். தாரணியிடம் மெல்லப் பேச்செடுத்தபோது அவள் சிரித்தாள்.

"ரிலாக்ஸ் லா, மா. போன மாசம் எனக்கே ஹார்ட் அட்டாக்னு சொன்னீங்க. கடைசில வயித்துல வெறும் கேஸு."

புலி வருது, புலி வருது என்று கத்திக் கத்தி, புலி உண்மையிலேயே வந்து நிற்கும்போது தொண்டை கட்டிப்போன கதை. அவளுக்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, தான் நினைப்பது சரியாக இருந்துவிடுமோ என்பது. மற்றது, தப்பாக இருந்து எல்லோரும் சிரிப்பார்களோ என்பது. இரண்டாவதும் முதலாவதுக்குச் சமமாகக் கனத்தது. அதை அவளால் மன்னிக்க முடியவில்லை. வேலாயுதத்தின் அப்பா ஐம்பத்தெட்டு வயதில், குளியலறைக் கதவைத் திறக்கும்போது போனவர். வேலாயுதத்துக்கு வரும் தையில் ஐம்பத்தெட்டு. இதை இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

தேனியிலிருந்து வழிகாட்டி கபிலன் உடல்நலப் படிவம் அனுப்பியிருந்தான். பயணத்துக்கு முந்தின வாரச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நிரப்பி அனுப்பினால்தான் வன அலுவலகத்தில் கொடுக்க முடியும் என்றான். மேலே யாருக்காவது முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கண்மணி கேட்டாள். அங்கே ஃபோன் எடுக்காது, நாலு பேர் தூக்கிக்கொண்டு அஞ்சு மணி நேரம் இறங்கணும், அப்புறம் ஜீப் என்று பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னான். படிவத்தின் நான்காவது வரியில், 'மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, மயக்கம்: உண்டு / இல்லை' என்றிருந்தது.

"எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டு அனுப்பு" என்று சொல்லிவிட்டு வேலாயுதம் பசியாறப் போய்விட்டார். மூன்று பேருடைய படிவம் முடிந்தது. அவருடையதில் நான்காவது வரி மட்டும் காலியாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை காலையில் கண்மணி வேறொரு காரியத்திலும் அலைந்துகொண்டிருந்தாள். சோபாவின் மெத்தைத் தலையணைகளில் ஒன்றை ஒரு வாரமாகக் காணவில்லை. ஒன்பதாவது மாடி வீட்டிலிருந்து அது எங்கே போகும்?

நான்கு மணிக்குத் தேக்கா உணவங்காடியில் கூடினார்கள். பைகளையும் கட்டி எடுத்துவர வேண்டும் என்பது அஜீஸின் உத்தரவு. அஜீஸின் மனைவி சம்சுன்னிசா எல்லோருக்கும் தேத்தண்ணீர் வாங்கி வந்தார். அஜீஸ் நேற்று நாற்பத்திரண்டு மாடி என்றார். வேலாயுதம் நாளைக்கு நாற்பத்தைந்து என்றார். அஜீஸ் கண்மணியின் பட்டியலைப் பிடுங்கி உரக்கப் படித்தார்.

"விசில் நாலு. ஏன் தங்கச்சி, மலை மேல ரெஃப்ரீ வேலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேலாயுதமும் சிரித்தார். சிரிப்பின் நடுவில் அவர் வாயை மூடி மூக்கால் மூச்சு இழுத்ததைக் கண்மணி மட்டும் பார்த்தாள். மணி நாலே முக்கால்.

"ஃபார்ம் அனுப்புறதுக்கு முன்னாடி நாலு பேரும் ஒண்ணா ஏறிப் பார்ப்போம்" என்றாள். "மேல புளோக் இருக்கு. பையோட."

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. வேலாயுதம் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிடிபட்டவனின் கெஞ்சல் இருந்தது. ஒரு கணம், வேண்டாம், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடலாமா என்று அவள் வாய்வரை வந்தது. அதற்குள் அஜீஸ் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"வாடா வேலா. தங்கச்சி நம்மள டெஸ்ட் பண்ணுது."

கண்மணி கணவருக்குப் பின்னால் ஏறினாள். மூன்றாவது மாடியில் யாரோ வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்ப்பதற்காக அவர் நின்றார். ஐந்தாவது மாடியில் பார்க்க எதுவும் இல்லை. ஆனாலும் நின்றார். ஆறாவது மாடியில் கைப்பிடியைப் பற்றியவர் அதை விடவில்லை. அவர் பிடரியில் ஒரு சொட்டு வேர்வை இறங்கியது. இரண்டு வாரத்தில் அவள் பார்த்த முதல் சொட்டு.

"பையைக் குடுங்க."

"வேணாம். நானே…"

அவள் பையைப் பிடித்து இழுத்தாள். பத்துக் கிலோவுக்குக் கையைத் தயார் செய்துகொண்டு இழுத்ததில், பின்னால் இரண்டு படி சறுக்கிச் சுவரில் மோதிக்கொண்டாள். பையில் கனமே இல்லை. ஜிப்பைத் திறந்தாள். சோபாவின் மெத்தைத் தலையணை, உருட்டி, ரப்பர் பட்டை போட்டு, உள்ளே இருந்தது.

மேலே போயிருந்த இருவரும் இறங்கி வந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வேலாயுதம் படியில் உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது.

"எங்க வலிக்குது?" என்று கண்மணி கேட்டாள்.

"வலி இல்ல. இங்க ஒரு கல்லை வச்ச மாதிரி. நின்னா போயிடும்." மார்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இப்ப போகல" என்றார்.

அஜீஸ் தன் பையைக் கழற்றி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் இருபதுதான்டா ஏறினேன். நீ நாப்பது போட்டியேன்னு நாப்பத்திரண்டு போட்டேன்."

"இவர் சட்டை காஞ்சுதான் கெடந்துச்சு" என்றார் சம்சுன்னிசா. "கடையில ஏர்கான்ல காஞ்சிருக்கும்னு நெனச்சுட்டேன்." அவர் ஏற்கெனவே மின்தூக்கிப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

கண்மணி கணவருக்கு முன்னால் குனிந்தாள். தான் நினைத்தது சரி என்று ஆகிவிட்டது. அதில் எந்த நிம்மதியும் இல்லை. முப்பது வருடமாகத் தப்பாகவே இருந்த பயம் இந்த ஒருமுறையும் தப்பாக இருந்திருக்கக் கூடாதா? எல்லோரும் சிரித்திருந்தால்தான் என்ன?

"நாலாவது வரிக்கு இல்லைன்னு போடவா?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். "போடாதே."

மருத்துவமனைக்குப் போகும் டாக்சியில் அவர் அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டார். பைகளை அஜீஸும் சம்சுன்னிசாவும் எடுத்துக்கொண்டு அடுத்த டாக்சியில் வந்தார்கள். கண்மணி அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நாடியை எண்ணப் பார்த்தாள். எது அவர் நாடி, எது தன் விரலின் துடிப்பு என்று பிரிக்க முடியவில்லை. சிராங்கூன் சாலையில் சனிக்கிழமை நெரிசல். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவள் அந்தக் காட்டையும், நாலு பேர் தூக்கி இறங்கும் அஞ்சு மணி நேரத்தையும் நினைத்தாள். இங்கே இன்னும் மூன்று விளக்குகள்தான். மூன்றும் அதிகமாகத் தெரிந்தன.

கபிலனிடமிருந்து, 'மேடம், ஆறு ஆகப் போகுது' என்று செய்தி வந்தது. அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவரை உடனே படுக்கையில் ஏற்றி, மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று நர்ஸ் ஆங்கிலத்தில் கேட்டாள். வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கண்மணிதான் பதில் சொல்வாள். தேதி, கிழமை, நடைபாலம், எல்லாம் அவளிடம் தயாராக இருந்தன. அவள் வாயைத் திறப்பதற்குள் வேலாயுதம் கூரையைப் பார்த்தபடி தானே சொன்னார்.

மூன்று மாதமாக.

கண்மணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரத்துக்குத்தான் அவள் பயந்திருந்தாள்.