கதவைப் பிடிக்க ஓர் ஆள்

லெஸ்டர் பொடோஸ்கியின் வெள்ளை லாரி ஒரு தெருவுக்குள் திரும்பினால், அந்தத் தெருவின் ஜன்னல் திரைகளெல்லாம் ஒரு விரற்கடை விலகும். லாரி காலியாக வருகிறதா, சாமான் ஏற்றி வருகிறதா என்று பார்ப்பார்கள். சாமானோடு வந்தால், யாரோ சக்கர நாற்காலியில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பப் போகிறார்கள். காலியாக வந்தால், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

லெஸ்டரின் தொண்டு நிறுவனம் வீடுகளுக்குச் சாய்தளம் போட்டுக் கொடுக்கிறது. வாசல் படி ஏற முடியாதவர்களுக்கு அலுமினியத் துண்டுகளைப் போல்ட் போட்டு இணைத்து, தெருவிலிருந்து கதவு வரை ஒரு சரிவு. செலவுக்குப் பணம் வாஷிங்டனிலிருந்து சமூக மேம்பாட்டு நிதியாக எங்கள் நகராட்சிக்கு வருகிறது. நகராட்சி அதைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கொடுத்தது ஒழுங்காகப் பயன்படுகிறதா என்று போய்ப் பார்ப்பது என் வேலை.

சாய்தளம் வீட்டுக்காரருக்குச் சொந்தமாகாது. அதில் ஏறி இறங்கியவர் இறந்துபோனால், கழற்றிக்கொண்டுபோய் அடுத்தவர் வாசலில் மாட்ட வேண்டும். ஒரே அலுமினியம் ஊரில் ஐந்தாறு வாசலைப் பார்த்திருக்கும்.

அந்த நவம்பரில் வாஷிங்டனில் பட்ஜெட் சண்டை. வர வேண்டிய பணம் வரவில்லை. லெஸ்டரின் கிடங்கில் ஒரு துண்டு அலுமினியம்கூட மிச்சமில்லை. அப்போதுதான் வெர்னா கிளாட்னியின் விஷயம் என் மேஜைக்கு வந்தது. இருபது வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. வியாழக்கிழமைக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க மாட்டார்கள். அவள் வீட்டு வாசலில் ஐந்து படி. சாய்தளம் இருந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் முதியோர் காப்பகம். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஊரில் சும்மா நின்ற சாய்தளம் ஒன்றே ஒன்றுதான். ஆர்வில் டாக்கெட் வீட்டில். அவர் மனைவி இர்மா செப்டம்பரில் இறந்துவிட்டாள்.

லெஸ்டர் இரண்டு தடவை அதைக் கழற்றப் போய், இரண்டு தடவையும் வெறும் லாரியோடு திரும்பியிருந்தான். முதல் தடவை போல்ட் துருப்பிடித்துவிட்டது என்றான். அலுமினியத்துக்குப் போடுகிற போல்ட் துருப்பிடிக்காது என்று எனக்கே தெரியும். இரண்டாம் தடவை முதுகு வலி என்றான். நாற்பது வருடம் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தவன்; முதுகைப் பற்றி அவன் பேசி அன்றுதான் கேட்டேன்.

"நீயே போயிட்டு வாயேன், நகராட்சி மேடம்," என்றான். "சாயங்காலமாப் போ. காப்பி கொடுப்பாரு."

திங்கட்கிழமை வேலை முடிந்து போனேன். ஊரை ஒட்டிய பெரிய ஏரியிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. பழைய மர வீடு, வாசலில் மூன்று படி, அவற்றுக்குப் பக்கவாட்டில் வளைந்து ஏறும் அலுமினியச் சாய்தளம். ஸ்பிரிங் போட்ட வெளிக்கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு ஆர்வில் என்னை உள்ளே விட்டார். எண்பதைத் தொடும் வயது. ஒடிசலான உடம்பு. சட்டையின் மேல் பித்தான் திறந்திருந்த இடத்தில் நெஞ்சைப் பிளந்து தைத்த ஆபரேஷன் தழும்பு தெரிந்தது.

காப்பி கொடுத்தார். பூசணி வைத்துச் சுட்ட கேக் போன்ற 'பை' பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்தார். நான் வெர்னாவைப் பற்றி, ஐந்து படியைப் பற்றி, வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார்.

"கொஞ்சம் இரு, ரோண்டா. இருட்டட்டும். அப்புறம் பேசலாம்," என்றார்.

வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, இர்மா டயாலிசிஸுக்குப் போவாளாம். பொழுது சாயும்போது வேன் அவளைச் சாய்தளத்தின் அடியில் இறக்கிவிட்டுப் போய்விடும். யாரும் தள்ளக் கூடாது, சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டுதான் மேலே வருவாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம்.

தெருவிளக்கு எரிந்தது. அப்போது கேட்டேன்.

தட். சக்கரம் அலுமினிய இணைப்பைத் தாண்டும் சத்தம். இந்த வேலையில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். சற்று இடைவெளி விட்டு மறுபடி தட். மூச்சு வாங்க நிற்பதுபோல ஒரு நிறுத்தம். மறுபடி தட். வளைவில் திரும்பி, மேலே வந்து, கதவுக்கு வெளியே நின்றது.

ஆர்வில் எழுந்து போய் வெளிக்கதவைத் திறந்து, தோளால் தாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றார். குளிர்காற்று உள்ளே வந்தது. பிறகு கதவை மெதுவாக மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு ஆர்வில்லைப் பார்த்தேன்.

"குளிர்ல அலுமினியம் சுருங்கும், அதான் சத்தம்னு லெஸ்டர் சொன்னான்," என்றார் ஆர்வில். "சொல்லிட்டு ஸ்பேனரைக்கூட எடுக்காம ஓடிட்டான். எனக்கும் அது அலுமினியமாவே இருக்கட்டும். ஆனா செவ்வாய்க்கிழமை ஏன் சுருங்க மாட்டேங்குது?"

அவரே தொடர்ந்து பேசினார். சாய்தளம் வருவதற்கு முன்பு ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார்களாம். அந்த வருடமும் பணம் தாமதம். அதுவரை மூன்று படியும் அவர்தான் இர்மாவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஒருநாள் மேல்படியில் நிற்கும்போது ஸ்பிரிங் கதவு திரும்பி வந்து முழங்கையில் அடித்தது. அவளைக் கீழே போட்டுவிட்டார். இடுப்பு எலும்பு உடைந்தது.

"ஒரு வார்த்தை திட்டல," என்றார். "ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றா: 'கல்யாணத்தன்னைக்கும் இதே வாசல்ல இவர்தான் தூக்கிட்டு வந்தாரு. அன்னைக்கே போட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்'னு."

சாய்தளத்தை நான் மறுபடி கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கதவருகே நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு வீட்ல எத்தனை படின்னு சொன்னே?"

"அஞ்சு, மிஸ்டர் டாக்கெட்."

"தூக்க ஆளிருக்கா?"

"இல்லை."

அலுமினியத்தைப் பார்த்தார். "எடுத்துக்கச் சொல்லு. இல்லேன்னா இர்மா என்னைச் சும்மா விடமாட்டா."

புதன்கிழமை மதியம் லெஸ்டர் கழற்றினான். ஆர்வில் வாசலுக்கே வரவில்லையாம். அன்று மாலைக்குள் வெர்னா வீட்டில் மாட்டியாகிவிட்டது. வியாழக்கிழமை வெர்னா வீடு வந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் வழக்கமான சோதனைக்குப் போனபோது, மேலும் கீழும் இரண்டு தடவை உருட்டிக் காட்டினாள். நேற்று சாயங்காலம் ஏதாவது சத்தம் கேட்டதா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"நான் ஏறினா சத்தம் போடுது, எறங்கினா சத்தம் போடுது," என்றாள் வெர்னா. "மத்த நேரம் அதுபாட்டுக்குத் தூங்குது. ஏன், மேடம், முன்னாடி எங்கேயாவது குறட்டை விட்டுச்சா?"

நேற்று வியாழக்கிழமை, இர்மா வரும் நாளே அல்ல என்பது அப்புறம்தான் உறைத்தது. இருந்தாலும் சிரித்துவிட்டு அலுவலகம் வந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. ஆர்வில். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

"புதன்கிழமை வந்தா," என்றார். "படிக்குக் கீழேயே நின்னுட்டா. மேல வர முடியல. நான் கதவைத் திறந்துக்கிட்டு நிக்கறேன், அவ கீழ நிக்கறா. அப்புறம் போயிட்டா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, ரோண்டா."

நான் என்ன செய்ய முடியும்? இறந்துபோனவர்களுக்குச் சாய்தளம் கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை. லெஸ்டரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேலி செய்யவில்லை. கிடங்கின் பின்னால் பழைய மரப்பலகை கிடக்கிறது, சொந்தச் செலவில் நாளைக்கே ஒரு மரச் சாய்தளம் அடித்துக் கொடுக்கிறேன், இதை நகராட்சிக்குச் சொல்ல வேண்டாம் என்றான். அதைச் சொல்லி ஆர்வில்லைச் சமாதானப்படுத்தலாம் என்று காரை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. ஆர்வில் படிக்குக் கீழே, கோட் இல்லாமல், பாதி குனிந்து நின்றார்.

"மிஸ்டர் டாக்கெட், உள்ளே வாங்க. லெஸ்டர் நாளைக்கு மரத்துல ஒண்ணு போட்டுத் தர்றானாம்."

"வேணாம்." தலை நிமிரவில்லை. "மரமும் வேணாம், அலுமினியமும் வேணாம். இந்தத் தடவை நானே தூக்கிக்கிறேன்."

"உங்க நெஞ்சுக்கு இதெல்லாம் ஆகாது."

"ரோண்டா, மேல போய் அந்தக் கதவைப் பிடி. போன தடவை பிடிக்க ஆளில்ல."

மருத்துவரைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கலாம். நான் மூன்று படியும் ஏறி, வெளிக்கதவைத் திறந்து, முதுகால் தாங்கிக்கொண்டு நின்றேன். ஸ்பிரிங் என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

அவர் இன்னும் குனிந்தார். "கழுத்தைப் பிடிச்சுக்கோ," என்றார், என்னிடம் அல்ல. பிறகு நிமிர்ந்தார். இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன. அவற்றில் ஒன்றுமில்லை. ஆனால் வெறுங்கையை நீட்டி நிற்கும் ஆள் அப்படி நிற்க மாட்டான். முழங்கால் நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, உடம்பு பின்னால் சாய்ந்து பாரத்தைத் தாங்கியது.

முதல் படி. பலகை முனகியது. நான் ஏறியபோது அது முனகவில்லை. இரண்டாம் படியில் நின்று மூச்சு வாங்கினார். உதடு நீலமாகியிருந்தது. மூன்றாம் படியில் கால் ஒரு நொடி தடுமாறியது. நான் கத்தவில்லை. கதவை விட்டுவிடுவேனோ என்ற பயம்தான் எனக்கு.

கதவருகே வந்ததும் பக்கவாட்டில் திரும்பினார், ஆளைத் தூக்கிக்கொண்டு வாசல் நுழைகிறவர்கள் திரும்புவதுபோல. நான் யோசிக்கவில்லை. வயிற்றை எக்கி ஒதுங்கினேன். என் வலது கை முழங்கைக்குக் கீழே ஏதோ உரசிக்கொண்டு போனது. மிருதுவாக, கொஞ்சம் ஈரமாக. வீட்டில் பின்னிய கம்பளிக் காலுறை எப்படி இருக்குமோ அப்படி.

உள்ளே நாற்காலியின் மீது மெல்லக் குனிந்து, கைகளை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தார். முகம் வேர்த்துக் கொட்டியது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இப்ப விடலாம்," என்றார்.

கதவை விட்டேன். அது அறைந்து மூடிக்கொண்டது.

"திங்கட்கிழமை யார் வருவா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

திங்கட்கிழமை எனக்கு நகர்மன்றக் கூட்டம். நிதி யாருக்கு எவ்வளவு என்று தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக எழுந்து பேசும் கூட்டம், தப்பிக்க முடியாது. லெஸ்டரைக் கேட்டேன். உரசிய விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. தடுமாறினால் தாங்கிப் பிடி, கதவைப் பிடி, அவ்வளவுதான் என்றேன். மரப்பலகை இன்னும் கிடக்கிறதே என்று அவன் முணுமுணுத்தான். ஆனால் போனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்து, அந்த மாதக் கணக்கை என் மேஜையில் வைத்தான். வழக்கமாக என் காப்பியைக் கிண்டல் செய்வான், என் ஷூவைக் கிண்டல் செய்வான். அன்று கிண்டல் இல்லை. கையில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான். ஆர்வில் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார், சாப்பிட்டார் என்றான். வாசல் வரை போனவன் நின்றான்.

"நாளைக்கு நீதானே?"

"ஆமாம்."

"கீல் பக்கமா நல்லா ஒட்டி நில்லு," என்றான் லெஸ்டர், என்னைப் பார்க்காமலே. "அவங்க கால் நீட்டிக்கிட்டு இருக்கு. நேத்து இடிச்சுட்டேன்."