பெரிய டீச்சர் வாய் திறக்கிற வரைக்கும்

ரியாசுதீன் நல்ல மனுஷன், கைத்தொழில்ல கெட்டிக்காரன். அவன் செஞ்ச ட்ரங்குப் பெட்டி மாடியிலேர்ந்து விழுந்தாலும் மூலைத் தகடு கழண்டுக்காது. ஆனா ஒரு விஷயத்தை மறைச்சு வைக்கணும்னா அவனைப் போல அசடு திருவண்ணாமலையிலேயே கிடையாது. இல்லன்னா, ஊருக்குத் தெரியாம குடி மாறணும்னு முடிவு பண்ண ஆள் போயும் போயும் அடி அண்ணாமலையிலயா வீடு பார்ப்பான்?

சின்னக்கடைத் தெருவுல அவங்க குடியிருந்த வீட்டை, மகனுக்குக் கல்யாணம்னு சொல்லி வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். டவுனுக்குள்ள வேற எடம் அமையல. அலைஞ்சு திரிஞ்சு அடி அண்ணாமலையில ஒரு ஓட்டு வீடு பிடிச்சான் ரியாசுதீன். ரோட்டைப் பார்த்த வாசல், முன்னாடி ஒரு புங்க மரம், கொல்லையில தித்திப்பான கிணத்துத் தண்ணி. அவன் பொண்டாட்டி ரஹமத்துக்கு வீடு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒரே ஒரு கவலைதான். அவங்க பொண்ணு முன்னி.

முன்னி அப்போ நாலாவது படிச்சா, சின்னக்கடைத் தெருவுக்குப் பக்கத்துல இருந்த முனிசிபல் பள்ளிக்கூடத்துல. ஒண்ணாவது முழுக்க அந்தப் பொண்ணு வகுப்புல வாயே திறக்கல. வீட்டுல உருது, வெளியில தமிழ். எதுல பதில் சொல்றதுன்னு தெரியாம தன் காலைப் பார்த்துக்கிட்டே ஒரு வருஷத்தை ஓட்டினா. ரெண்டாவதுல, பக்கத்து வீட்டு சரோஜாவோட பொண்ணு பாஞ்சாலை அவ பக்கத்துல வந்து உட்கார்ந்தா. அவ்வளவுதான், திறந்த வாய் மூடல. இப்போ பக்கோடா கட்டி வர்ற பேப்பரைக்கூட எண்ணெயோட விரிச்சு வெச்சுக்கிட்டு, அம்மாவுக்குச் சத்தமா படிச்சுக் காட்டுறா. அந்த பெஞ்சுலேர்ந்து எழுப்பி வேற பள்ளிக்கூடத்துல உட்கார வெச்சா, மறுபடியும் வாயை மூடிக்குவான்னு ரஹமத் பயந்தா. ராத்திரி தூக்கம் வராத அளவுக்குப் பயந்தா.

அந்தப் பயத்துல எண்ணெய் ஊத்தினவ சரோஜா. "அக்கா, முனிசிபாலிட்டி எல்லை தாண்டிட்டா பேரை அடிச்சுடுவாங்களாம். டி.சி.யைக் கையில குடுத்து, உங்க ஊர் பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு அனுப்பிடுவாங்களாம். வாசல்ல போர்டே மாட்டியிருக்காங்க."

ரியாசுதீன் போய்ப் பார்த்தான். எல்லைக்குள்ள குடியிருக்கறவங்க பிள்ளைங்களுக்கு மட்டும்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ராஜம்மாள். ஊர்ல எல்லாரும் பெரிய டீச்சர்னுதான் சொல்வாங்க. அந்தம்மா வராந்தாவுல நடந்து வந்தா, வேப்பமரத்துக் காக்காகூட சத்தம் போட யோசிக்கும். அவங்ககிட்ட நேரா போய்க் கேக்கற தைரியம் புருஷனுக்கும் இல்ல, பொண்டாட்டிக்கும் இல்ல.

அதனால ஒரு ஏற்பாடு பண்ணாங்க. குடி மாறினது யாருக்கும் தெரியக் கூடாது. காலையில ரியாசுதீன் தகரக் கடைக்குப் போறப்போ முன்னியை சைக்கிள்ல வெச்சு சரோஜா வீட்டுல விட்டுடுவான். அங்கேர்ந்து பாஞ்சாலையோட அவ பள்ளிக்கூடம் போவா. சாயங்காலம் கடையில உட்கார்ந்திருந்து அப்பாவோட வீடு திரும்புவா. வீடு எங்கன்னு யார் கேட்டாலும் சின்னக்கடைத் தெருன்னு சொல்லணும்னு பொண்ணுக்குப் பாடமே நடத்தினாங்க. அவ அதை ஒரு விளையாட்டா எடுத்துக்கிட்டா. ஐஸ் விக்கிறவர் என்ன கலர் வேணும்னு கேட்டதுக்குக்கூட சின்னக்கடைத் தெருன்னாளாம்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, பௌர்ணமி வர்ற வரைக்கும்.

பௌர்ணமிக்கு ஜனம் மலையைச் சுத்தி வர்ற பாதையே அவங்க வாசல் வழியாத்தான் போகுதுங்கறதை ரெண்டு பேருமே யோசிக்கல. பிறை என்னிக்குத் தெரியும்னு கேளுங்க, மேகம் மூடியிருந்தாலும் ரியாசுதீன் சரியா சொல்லுவான். முழு நிலாவை அவன் எப்போ கணக்கு வெச்சான்? அன்னைக்கு ஞாயித்துக்கிழமை வேற. மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதுமே ஜனம் நடக்க ஆரம்பிச்சிடுச்சு. தபால்காரர் வந்தார், தையல்காரர் வந்தார், பழைய வீட்டுக்காரரே புது மருமகளோட வந்தார். "அடடே, ரஹமத், இங்கதான் இருக்கியா?"ன்னு ஆளாளுக்கு விசாரிச்சுட்டுப் போனாங்க. யாருக்கும் தெரியாம இருக்கணும்னு வந்த இடத்துல, டவுனே வரிசையா வந்து நலம் விசாரிச்சுட்டுப் போகுது.

புது வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் காசியம்மாள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி, நடக்கறவங்களுக்காக வாசல்ல மோர்ப் பானை வைக்கிறவ. "இன்னா பாயம்மா, சும்மாதானே இருக்கற, வந்து ஒரு கை குடு"ன்னு கூப்பிட்டா. ரஹமத்தும் போய் நின்னா. முன்னி டம்ளர் கழுவிக் குடுத்தா.

நாலு மணி இருக்கும். கூட்டத்துல வெறுங்காலோட, நெத்தி நிறைய விபூதியோட ராஜம்மாள் டீச்சர் வந்தாங்க. ரஹமத் பொண்ணோட தலையைப் பிடிச்சு அமுக்கினா. "முன்னி, குனிடி"ன்னா. முன்னி மோர்ப் பானைக்குப் பின்னாடி போய்க் குந்திக்கிட்டா.

டீச்சர் நேரா வந்து பானைக்கு எதிர்ல நின்னாங்க. ரஹமத்தைப் பார்த்து புருவத்தைத் தூக்கினாங்க. பேசல. கையை நீட்டிப் பானையைக் காமிச்சாங்க.

பானைக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு ரஹமத்துக்குத்தானே தெரியும். "முன்னிதான் டீச்சர்"ன்னு சொல்லிட்டா. "நாங்க இங்கதான் குடி வந்துட்டோம். பொய் சொன்னது தப்புதான். பேரை மட்டும் அடிச்சிடாதீங்க."

டீச்சர் ஒண்ணும் புரியாம பார்த்தாங்க. பின்னாலேர்ந்து கூட்டம் நெருக்கிச்சு. கையை இப்படியும் அப்படியும் ஆட்டிட்டு நடையைக் கட்டினாங்க. முடிஞ்சு போச்சுன்னுதான் அந்தக் கையாட்டல் ரஹமத்துக்குப் பட்டுது.

"அந்தம்மா பௌர்ணமி சுத்துல வாயே தொறக்க மாட்டாங்க பாயம்மா"ன்னா காசியம்மாள். "கோபுரத்தாண்ட போயி சூடம் ஏத்தினப்புறம்தான் பேசுவாங்க. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல போய்ப் பாரேன்."

"நாளைக்குப் பேரை அடிச்சப்புறம் போயி இன்னாத்தைக் கேக்கறது?" ரஹமத் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டா. "பொண்ணைப் பார்த்துக்கங்க." செருப்புகூடப் போடாம டீச்சர் பின்னாடி ஓடினா.

ஓடிப்போய்ப் பக்கத்துல சேர்ந்து நடந்துக்கிட்டே பேச ஆரம்பிச்சா. முன்னி முதல் வருஷம் காலைப் பார்த்துக்கிட்டு நின்னதைச் சொன்னா. பாஞ்சாலையைப் பத்திச் சொன்னா, பக்கோடாப் பேப்பரைச் சொன்னா. டீச்சர் நடுவுல கையை உயர்த்தினாங்க. போதும்ங்கறாங்கன்னு ரஹமத் நினைச்சு இன்னும் ஜாஸ்தியா கெஞ்சினா. குபேர லிங்கத்துக்கிட்ட டீச்சர் நின்னு, அவ வந்த வழியைக் காமிச்சு, தலையை ஆட்டிச் சிரிச்சாங்க. ஊரைப் பார்த்துப் போங்கன்னு சிரிக்கவே ஆரம்பிச்சுட்டாங்களேன்னு ரஹமத்துக்கு அழுகை முட்டிச்சு. பின்னாடி வந்த ஒரு பெரியவர், "மௌனமா போறவங்கள ஏம்மா தொந்தரவு பண்ற?"ன்னு அதட்டினார். "உங்க பொண்ணா இருந்தா தெரியும்"ன்னா இவ. அவர் நடையைக் கூட்டிக்கிட்டார்.

ஈசான்ய லிங்கம் வர்றப்போ சொல்றதுக்கு இருந்ததெல்லாம் தீர்ந்து போச்சு. அப்புறம்தான், யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு தானா வாயில வந்துச்சு.

"நான் போளூர்ல மூணாவது படிச்சிட்டிருந்தேன் டீச்சர். எங்கப்பா கடையை இந்த ஊருக்கு மாத்தினாரு. ஒரே நாள்ல சாமானை வண்டியில ஏத்தினோம். என் பலகை மட்டும் அங்கயே தங்கிடுச்சு. இங்க வந்து என்னை எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேர்க்கல. நான் நல்லா படிப்பேன் டீச்சர். வாத்தியார் என்னைத்தான் எழுப்பிப் படிக்கச் சொல்லுவாரு."

சொல்லி முடிச்சதும் அவளுக்கே கூச்சமா போச்சு. முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு நடந்தா. டீச்சர் வேகத்தைக் குறைச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாவே டவுனுக்குள்ள வந்தாங்க.

ராஜகோபுரத்துக்கு முன்னாடி டீச்சர் சூடம் ஏத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டாங்க. ரஹமத் கொஞ்சம் தள்ளி, தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரி நின்னா. டீச்சர் திரும்பினாங்க.

"தாகத்துக்கு ஒரு டம்ளர் மோர் கேட்டேன்"ன்னாங்க. "அதைக் குடுக்காம இவ்வளவு தூரம் துரத்திக்கிட்டு வர்றியேம்மா."

ரஹமத் திருதிருன்னு முழிச்சா. "பானைக்குப் பின்னாடி முன்னி..."

"உன் பொண்ணு அங்க இருக்கறதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பானையைத்தானே நான் காமிச்சேன்." டீச்சர் கல்படியில உட்கார்ந்து காலை நீவி விட்டுக்கிட்டாங்க. "அந்த போர்டு ஒண்ணாவதுல புதுசா சேர வர்றவங்களுக்கு. இடம் கம்மி, அதனால மாட்டினோம். படிச்சிட்டிருக்கற பிள்ளையை நடுவுல எழுப்பி அனுப்பறதுக்கு நான் எதுக்கு டீச்சர்னு இருக்கேன்? ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குப் போன்னு குபேர லிங்கத்தாண்டயே கையைக் காலை ஆட்டிச் சொன்னேனே."

ரஹமத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. நடுரோடுன்னும் பார்க்காம படியில பொத்துனு உட்கார்ந்து, முக்காட்டு நுனியால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "நாங்க பாட்டுக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்துட்டிருந்தோமே டீச்சர்."

டீச்சரும் சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு அவ பக்கம் திரும்பினாங்க.

"போளூர்ல உன்னை நிறுத்தினப்போ, என் பொண்ணு படிக்கட்டும்னு யாராவது போயி ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"இல்லைங்க டீச்சர். யாரும் கேக்கல."

"முன்னிக்கு அந்தக் குறை கிடையாது"ன்னாங்க பெரிய டீச்சர். "அவளுக்காக நீ அடி அண்ணாமலையிலேர்ந்து இந்தக் கோபுரம் வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்திருக்க."

அவ்வளவு தூரம் வாய் ஓயாம பேசிக்கிட்டு வந்தவளுக்கு, அப்போ ஒரு வார்த்தைகூட வரல. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, தலையை மட்டும் ஆட்டினா.