நீந்தத் தெரியாத எலிகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்துப் பயனில்லை. 2004இல் மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண், தன் மணிக்கட்டையும் தகப்பனின் மணிக்கட்டையும் ஒரே துண்டால் முடிந்துகொண்டு நின்றாள். கட்டிவைக்காவிட்டால் அவர் எங்காவது போய்விடுவார். அவர்கள் எந்தப் பேருந்தில் ஏறினார்கள் என்று நான் பார்க்கவில்லை. இனி வருவது கற்பனை. கோபம் நிஜம்.

2

"மனித மரபணுவைச் சுமந்த அந்த வெள்ளை எலி, விடியலின் பொன்னொளியில்..." (வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் ஜன்னலே கிடையாது.)

வித்யாஸ்ரீயிலிருந்து தொடங்குகிறேன். ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சியாளர். மனித மரபணு சேர்த்துப் பிறக்கவைத்த எலிகளுக்கு மறதி நோய் போல ஒன்று வரும். அவற்றுக்குப் புது மருந்து கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் விடுவாள். நினைவு தேறிய எலி, நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடித்து ஏறிக்கொள்ளும். சில ஏறின. பல, சுற்றிச் சுற்றிக் களைத்தன. அவள்தான் அள்ளியெடுத்துத் துடைத்தாள்.

"இதுகளுக்கு நீந்தத் தெரியலைம்மா, கணக்குல சேர்க்காதீங்க" என்றார் இயக்குநர் வெங்கடேஷ்பாபு.

(அவருக்கு முறுக்கு மீசை வைத்து எழுதிப் பார்த்தேன்; அந்த வரியை அடித்துவிட்டேன். சிரித்துப் பேசுகிற மனிதர். அதுதான் எரிச்சல்.)

அடுத்த வாரம் பேப்பரில் வந்தது: மறதி நோய்க்கு மதுரையில் மருந்து! எலி என்ற சொல் கடைசி வரியில்.

3

அவனியாபுரத்து முத்துமீனா, அப்பா மொக்கைச்சாமியைக் கூட்டிக்கொண்டு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்திட்டேன் டாக்டரம்மா. இங்கதான் நல்ல மருந்து இருக்காம்ல?"

"எலிக்குத்தாம்மா குடுத்தோம். அதுலயும் பாதிக்கு மேல தேறலை" என்றாள் வித்யாஸ்ரீ.

"அப்ப எதுக்குத்தா பேப்பர்ல போட்டீக? எம்புட்டு ஆசையா வந்தேன்!"

(வித்யாஸ்ரீ அழுவதாக இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். அவளுக்கு வந்தது ஆத்திரம்.)

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி, நிறுத்துனதச் சொல்லுங்க" என்றவள், சட்டென்று இருவரையும் அழைத்துக்கொண்டு, வெங்கடேஷ்பாபு நிருபர்களுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த அறைக்குள் நுழைந்தாள்.

"சார், இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நீந்தத் தெரியாத எலிக எத்தனை?"

வெங்கடேஷ்பாபு சிரித்தார். "ஆராய்ச்சி தொடர்ந்துக்கிட்டே இருக்கு."

மொக்கைச்சாமி மேசையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து மகளிடம் நீட்டினார். "நீ யாரு பெத்த பிள்ள தாயி? சாப்டியா?"

எந்தப் பேனாவும் அசையவில்லை.

4

மறுநாள் காவலாளி வித்யாஸ்ரீயை உள்ளே விடவில்லை. மறுப்புச் செய்தியும் வரவில்லை. "ஆனாலும் இறுதியில் நியாயம்..." (இதை முடித்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது.)

மொக்கைச்சாமி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுத மாட்டேன். எழுதியதை முத்துமீனாவிடம் மட்டும் வாசித்துக் காட்டாதீர்கள்.

நம்பிவிடுவாள்.