அக்குளில் குத்திய மூன்று புள்ளி

அரசப்பனுக்கு மூக்கு குத்தியிருந்தது. ஆம்பிளைக்கு எதற்கு மூக்கில் ஓட்டை என்று காரைக்கால் டவுனில் கேட்பார்கள். எங்கள் காரைக்கால்மேட்டில் கேட்க மாட்டார்கள். அவனுடைய அம்மா அமிர்தத்துக்கு முதல் மூன்று பிள்ளைகளும் நடை பழகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. நாலாவதாக இவன் பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்று, அதே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பிறகு மூக்கைக் குத்தி ஒரு வளையத்தை மாட்டிவிட்டார்கள். எமன் வந்து பார்த்தால், இது அமிர்தம் பெற்ற பிள்ளை இல்லை, யாரோ தவிட்டுக்கு வாங்கிய பெண் குழந்தை என்று நினைத்துத் திரும்பிப் போய்விட வேண்டும். எமனை அவ்வளவு மடையன் என்று நினைப்பவர்கள் நாங்கள். பிள்ளை பிழைத்துவிட்டான். அதற்கு மேல் அமிர்தத்திடம் யார் வாதாட முடியும்?

மீசை முளைத்ததும் அரசப்பன் வளையத்தைக் கழற்றிவிட்டான். துளை மட்டும் நின்றது. பஸ்ஸில் ஏறினால் கோவில்பத்திலிருந்து ஆபீசுக்குப் போகிறவர்கள் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். சாராயக்கடையில் ஒருவன் 'தங்கச்சி' என்று கூப்பிட்டு இரண்டு பல்லை இழந்தான். மற்றபடி அரசப்பன் அந்த மூக்கை ஒருநாளும் மறைத்துக்கொண்டு நடந்ததில்லை. அந்த ஓட்டையால்தான் உயிரோடு இருக்கிறோம் என்று அவனும் நம்பினான்.

அவனுக்குப் பிறகு பல வருஷம் கழித்து கோவிந்தராசு பிறந்தான். அவனுக்கு மூக்கும் குத்தவில்லை, தவிட்டுக்கும் விற்கவில்லை. மூத்தவன் தங்கிவிட்டதால் வீட்டில் பயம் போய்விட்டிருந்தது. பயம் திரும்பி வந்தது அவர்களுடைய அப்பன் கடலில் போனபோது. உடம்பு கிடைக்கவே இல்லை. அடுத்த மாங்கனித் திருவிழாவில் அமிர்தம் இரண்டு மகன்களையும் குறத்தி முன்னால் உட்கார வைத்து, வலது முன்கையில் தன் பேரைப் பச்சை குத்தச் சொன்னாள். அவனவன் பேரைக் குத்தலாமே என்று யாரோ கேட்டதற்கு எரிந்து விழுந்தாள்.

"இந்தக் கரையில எத்தனை கோவிந்தராசு இருக்கான்? அமிர்தம்னா நான் ஒருத்திதான். எங்க ஒதுங்கினாலும் எம்புள்ளன்னு தெரிஞ்சு எங்கிட்ட கொண்டாந்து போடுவாங்கல்ல?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் கையிலும் ஒரே பேர் இருப்பது அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஒரே கட்டுமரத்தில் ஏறுவது எங்கள் ஊரில் கிடையாது. ஒருவன் போனால் ஒருவன் வீட்டுக்கு மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு.

அரசப்பனுக்குப் பவுனம்மாளைக் கட்டிவைத்தார்கள். நல்ல உழைப்பாளி, வாயும் கொஞ்சம் அதிகம். மூத்த பெண் கைக்குழந்தையாக இருந்தபோது, புருஷன் கையில் தன் பேரையும் குத்த வேண்டும் என்று கேட்டாள். அமிர்தம் ஊரைக் கூட்டிவிட்டாள். எம்புள்ள உடம்புல எம்பேரைத் தவிர வேற பேரு ஏறாது என்று சத்தம். அன்றிரவு பவுனம்மாள் அழுதாளாம். உங்க கையில அத்தை இருக்காங்க, நான் எங்கங்க இருக்கேன் என்று கேட்டாளாம். அரசப்பன் சிரித்துக்கொண்டே இடது கையைத் தூக்கி அக்குளைக் காட்டி, இங்க குத்திக்க, எங்க அம்மா இங்கயெல்லாம் பாக்காது என்றானாம். விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து, தையல் ஊசியால் அவளே குத்தினாள். எழுத்து தெரியாது. மூன்று புள்ளி வைத்தாள். அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

பெரும்புயல் அடித்த மறு வருஷம் ஆனியில் கோவிந்தராசுக்குக் கல்யாணம் ஆனது. பெண் கிளிஞ்சல்மேட்டு அல்லி. எட்டாவது வரை படித்தவள். பச்சை குத்துவதெல்லாம் பட்டிக்காட்டு வேலை என்று முகத்தைச் சுளிப்பாள். புருஷன் கையில் மாமியார் பேரைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடப் பெஞ்சில பேரைச் செதுக்குன மாதிரி இருக்குங்க என்று கேலி செய்வாள். அவனுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

ஐப்பசியில் அரசப்பனோடு கட்டுமரம் ஏறுகிற ஆளுக்குக் காய்ச்சல். வானம் சரியில்லை. ஆனால் இரண்டு வாரமாக அடுப்பு சரியாக எரியவில்லை. ஒருநாள்தானே என்று கோவிந்தராசு அண்ணனோடு ஏறினான். அமிர்தம் அப்போது டவுனில் கருவாடு விற்கப் போயிருந்தாள். இருந்திருந்தால் மரத்தின் குறுக்கே படுத்திருப்பாள். மத்தியானம் காற்று திரும்பியது. மற்ற மரங்கள் எல்லாம் கரை சேர்ந்தன. அந்த ஒரு மரம் மட்டும் வரவில்லை.

நாலாம் நாள் காலையில், அரசலாறு கடலில் விழும் இடத்தில் ஓர் உடம்பு ஒதுங்கியது. எங்கள் ஊர் முழுக்க ஓடியது. கண்ணையும் உதட்டையும் மூக்கையும் மீன் தின்றுவிட்டிருந்தது. உடம்பு ஊதி, மேல்தோல் உரிந்து கிடந்தது. தோல் உரிந்த இடத்தில் அந்தப் பச்சை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அமிர்தம்.

"உங்க வூட்டுப் புள்ளதான், தூக்கிட்டுப் போங்க" என்று போலீஸ்காரர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். எந்தப் பிள்ளை என்று பஞ்சாயத்துத் தலைவர் சுப்ராயன் கேட்டபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அண்ணனும் தம்பியும் ஒரே உயரம், ஒரே வாகு. வித்தியாசம் என்று ஊர் அறிந்தது அந்த மூக்கு ஒன்றுதான். அதுதான் இல்லையே.

அல்லி காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிப் பார்த்தாள். "இது அவங்க இல்ல. அவங்க காலு இப்படி இருக்காது" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. எந்தப் பெண்டாட்டியும் அப்படித்தான் சொல்லுவாள்.

"ஆனியில வந்தவ, ஐப்பசிக்குள்ள காலைக் கண்டுட்டாளாம்" என்றாள் அமிர்தம். அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

சுப்ராயன் பவுனம்மாளைப் பார்த்தார். "நீ பாரு பவுனு. இத்தனை வருஷம் குடும்பம் பண்ணவ. நீ சொல்லு."

பவுனம்மாள் கிட்டே போனாள். இடது கையைத் தூக்கி உள்ளே பார்த்தாள். உடம்போடு ஒட்டிக் கிடந்த கை என்பதால் அந்த இடத்தில் தோல் அப்படியே இருந்தது. மூன்று புள்ளியும் இருந்தன. தூங்குகிறவன் கையை வைப்பதுபோல மெதுவாகத் திரும்ப வைத்தாள். வாயைத் திறந்தாள்.

அதற்குள் அமிர்தம் பேசிவிட்டாள். "அவ என்னத்தச் சொல்லுவா? என் மூத்தவனுக்குச் சாவு கெடையாது. தவிட்டுக்கு வாங்கி மூக்கு குத்துன புள்ள. எமங்கிட்ட அவன் கணக்கே இல்ல. எமன் கண்ணுல பட்டிருந்தா இவன்தான் பட்டிருப்பான். இது சின்னவன். பெரியவன் எங்கயாவது கரை ஏறியிருப்பான்."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. பலர் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அப்படியா பவுனு?" என்று கேட்டார் சுப்ராயன்.

"அத்தை சொன்னா சரிதாங்க" என்றாள் பவுனம்மாள்.

நாலு வார்த்தை கூட இல்லை. அதற்குள் அல்லியின் வாழ்க்கையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு இன்றைக்கும் அவள் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அவள் நின்ற நிலையில் நான் நின்றதில்லை. வாயைத் திறந்தால் பூவும் பொட்டும் மஞ்சளும் அந்த நிமிஷமே போய்விடும். மாமியார் சொன்னதற்கு ஆமாம் போட்டால் எதுவும் போகாது. எத்தனை பேர் திறப்பார்கள்?

கோவிந்தராசு என்று பேர் சொல்லி அரசப்பனை எரித்தார்கள். பெண்பிள்ளைகள் இருவர்தான் அரசப்பனுக்கு. சித்தப்பா என்று நினைத்து அவை இரண்டும் அப்பனுக்கு அழுதன. பதினாறாம் நாள் அல்லியை நடுவில் உட்கார வைத்து வளையலை உடைத்தார்கள். தாலியை அறுக்கும்போது அவள் திமிறினாள். அது அவங்க இல்ல, அது அவங்க இல்ல என்று கத்தினாள். பிடித்துக்கொண்ட கைகளில் பவுனம்மாளுடைய கையும் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மூலையில் வெள்ளைச் சேலையில் அல்லி. அடுப்படியில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பவுனம்மாள். பூ வைக்காமல் இருந்தால் மாமியார் சண்டைக்கு வருவாள், புருஷன் கடலில் இருக்கும்போது வெறுந்தலையோடு நிற்கிறாயே என்று. தினமும் சாயங்காலம் அமிர்தம் மூத்தவனுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொல்லுவாள். பவுனம்மாள் செத்துப்போன புருஷனுக்குச் சோறு போட்டு மூடி வைப்பாள். குழம்பில் நல்ல துண்டமாகப் பார்த்து அல்லிக்குப் போடுவாள். அல்லி அதைத் தொடாமல் ஒதுக்குவாள்.

"அன்னைக்குக் கையைத் தூக்கி என்னக்கா பாத்தே?" என்று ஒருநாள் அல்லி கேட்டாள்.

"ஒண்ணும் பாக்கலடி" என்றாள் பவுனம்மாள். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை.

மாசி மாதம், மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த காலை நேரத்தில், கோவிந்தராசு நடந்து வந்தான். எலும்பும் தோலுமாக, யாரோ கொடுத்த சட்டையில். ஏலம் கூறியவர் வாயை மூட மறந்து நின்றார். சில பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். இலங்கைப் படகு ஒன்று அவனைத் தூக்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி, பிறகு காவல், பிறகு தலைமன்னார்க் கப்பல். தகவல் சொல்லியனுப்பிய ஆள் நாகப்பட்டினத்தோடு நின்றுவிட்டானாம்.

அமிர்தம் ஓடி வந்து அவன் முகத்தைத் தடவினாள், கையைத் தடவினாள். சந்தோஷத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "நாம எரிச்சது எவனோ, பாத்தீங்களா! எம்புள்ள ரெண்டும் வந்துடுச்சு!" என்று கூவினாள். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அண்ணன் எங்கடா?"

கோவிந்தராசு மணலைப் பார்த்தான். "மரத்துக் கட்டு அவுந்துடுச்சும்மா. அண்ணன ஒரு கட்டையில சேத்துக் கட்டினேன். ராத்திரி பூரா பேசிக்கிட்டே இருந்துச்சு. விடியுறப்ப பேச்சு நின்னுபோச்சு. கயிறும் அறுந்துபோச்சு."

அமிர்தம் என்று கையில் எழுதிய மூன்றாவது ஆள் எங்கள் கரையில் கிடையாது. ஒவ்வொருவராகப் பவுனம்மாள் பக்கம் திரும்பினார்கள்.

"என்னடி பாத்தே அன்னைக்கு?" என்றாள் அமிர்தம். கேட்கும் முன்பே பதில் தெரிந்த குரல் அது.

பவுனம்மாள் ஒளிக்கவில்லை. ஒளித்து ஒளித்துக் களைத்துப் போயிருந்தாள். "மூணு புள்ளி அத்தை. அக்குள்ல. நான் குத்துனது. உங்க பேரு கையில இருந்துச்சு, எனக்குன்னு ஒரு இடம் வேணும்னு குத்துனேன். அவங்கதான்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

பொய் சொன்னதற்காகத் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தோம். அமிர்தம் அவள் எதிரே வந்து நின்றாள்.

"எம்புள்ள யாருன்னு எமனுக்குத் தெரியக் கூடாதுன்னுதாண்டி நான் மூக்கு குத்துனேன்" என்றாள். "இத்தனை வருஷமா தெரியாமத்தான் இருந்துச்சு. நீ போயி ஊசியால புள்ளி வச்சுக் காட்டிக் குடுத்துட்டியேடி."

பவுனம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெண் கூட "அப்படியெல்லாம் இல்ல" என்று சொல்லவில்லை. அமிர்தம் தானே அவன் முன்கையில் ஒரு பேரைக் குத்தியிருந்தாளே என்று கேட்கவும் யாருக்கும் வாய் வரவில்லை. கடல் கொன்றது, காற்று கொன்றது, பசி கொன்றது. எங்கள் ஊருக்கு அன்று முதல் பவுனம்மாள்தான் கொன்றாள்.

அரசப்பன் பேரில் மறுபடி கருமாதி நடந்தது, உடம்பில்லாமல். அது முடிந்தால்தான் கோவிந்தராசு மறுபடி தாலி கட்டலாம் என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டார்கள். உயிரோடு வந்த புருஷன் வாசலில் உட்கார்ந்திருக்க, ஊர்க் கணக்கில் இன்னும் கைம்பெண்ணாக, அல்லி அதே வெள்ளைச் சேலையில் உள்ளே இருந்தாள். தாலியை அறுப்பது எங்களில் கைம்பெண்கள் வேலை. பவுனம்மாளைத் தொட அவர்களே தயங்கினார்கள். எமனுக்கு ஆளைக் காட்டியவள் ஆயிற்றே.

பவுனம்மாள் அல்லியைக் கூப்பிட்டாள். "நீ வாடி."

அல்லி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான் பொய் சொல்லணும்னு போகலடி" என்றாள் பவுனம்மாள். "உண்மையச் சொல்ல வாய் வரல."

"நான் கத்துனப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தியேக்கா" என்றாள் அல்லி. "அதுக்கு மட்டும் கை வந்துச்சா?"

பவுனம்மாள் குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். எங்களில் சிலர் அல்லி எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தோம். வாசலிலிருந்து கோவிந்தராசு, "வேணாம் அல்லி, வந்துடு" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை விரலால் பிடித்து, ஒரே இழுப்பில் அறுத்தாள்.